அகத்திப்பூ எண்டுதான் நினைச்சனான்

போன மார்கழியிலை நான் ஆஸ்பத்திரியிலை கிடந்த கதையைக் கேக்காத ஆக்கள் ஒஸ்லோவிலை இல்லை. கோயிலிலை கண்டாலும் கேக்கினம், கடையிலை கண்டாலும் கேக்கினம். "தவமணி அக்கா, உங்களுக்கு விசர் பிடிச்சதாமே?" எண்டு மூஞ்சைக்கு நேரை கேட்ட ஆளும் இருக்கு. ஆளாளுக்கு ஒரு விதமாச் சொல்லித் திரியினம். அதாலை நானே எழுதி வைக்கிறன். ஆனால் முதலே சொல்லிப்போடுறன், நடந்ததிலை பாதி எனக்கே வடிவாத் தெரியாது. கண்ணாலை கண்டது எது, மூளை கட்டிவிட்டது எது எண்டு இப்பவும் குழம்புறன். மிச்சத்தை என்ரை மனிசன் சொல்லித்தான் அறிஞ்சனான்.

எல்லாம் ஒரு விரதத்திலை தொடங்கினது. சுவர்க்கவாயில் ஏகாதசி, இந்தியாவிலை வைகுண்ட ஏகாதசி எண்டுறது. அண்டைக்கு முழுக்கத் தண்ணியோடை இருந்து, அடுத்தநாள் துவாதசி விடியப் பாரணை பண்ணோணும். பாரணை எண்டால் விரதத்தை முடிச்சு வாய் வைக்கிற முதல் சாப்பாடு. அதிலை அகத்தி கட்டாயம் இருக்கோணும். பட்டினி கிடந்த வயித்துக்கு அது குளிர்ச்சி எண்டு சொல்லுவினம். ஒஸ்லோவிலை அகத்திக்கு எங்கை போறது? எங்கடை தமிழ்க்கடையிலை ஐஸிலை உறைய வைச்ச இலை இடைக்கிடை வரும். அந்தக் கிழமை பாத்து வரேல்லை. "அடுத்த கிழமை வரும் அக்கா" எண்டான் கடைக்காரத் தம்பி. அடுத்த கிழமை ஏகாதசியைத் திருப்பி வைக்கேலுமோ?

கோபத்தோடை வெளியிலை வந்து நடக்கேக்கை, பக்கத்தெருவிலை படி இறங்கிப் போற ஒரு சீனக்கடை கண்ணிலை பட்டுது. முன்னுக்கு நூடில்ஸ், காளான். பின்பக்கத்திலை கண்ணாடிப் போத்தில் நிறைய வேரும் பட்டையும் காய்ஞ்ச பூவும். அதிமதுரம் மாதிரி ஒண்டு, திப்பிலி மாதிரி ஒண்டு. ஊரிலை மருந்துச் சரக்குக் கடைக்குள்ளை நிக்கிற மாதிரியே இருந்துது. அங்கை ஒரு பெட்டிக்குள்ளை நீளமா, வெளிறின மண்ணிறத்திலை, சுருண்டு வளைஞ்ச பூ. எனக்கு உடனை பளிச்செண்டுது. அகத்திப்பூ! ஆரோ ஒரு புண்ணியவான் அகத்திப்பூவைக் காய வைச்சு வித்திருக்கிறான்!

கடைக்காரர் வயசான மனிசன். அவருக்கு நோர்வேஜியன் கொஞ்சம்தான். "தே" எண்டார், தேத்தண்ணியாம். பொம்பிளையளுக்கு நல்லது எண்டு கையாலை வயித்தைக் காட்டினார். "சமைக்கலாம்தானே?" எண்டு கேட்டன். தலையை ஆட்டி "இக்கெ மாத்" எண்டார், சாப்பாடு இல்லை எண்டு. ஒருக்கால் இல்லை, இரண்டு தரம் சொன்னவர். எங்கடை சமையலைப் பற்றி இந்த ஆளுக்கு என்ன தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு, இரண்டு பையிலை கட்டித் தரச் சொன்னன். ஒண்டு எனக்கு, ஒண்டு ரஞ்சனிக்கு.

ரஞ்சனி எங்கடை ரொம்சோஸ் புளொக்கிலை இரண்டு மாடி மேலை இருக்கிறா. கும்பகோணத்துப் பிள்ளை, கொம்பியூட்டர் கொம்பனியிலை வேலை. புருஷன் வேலை அலுவலா துரொண்ட்ஹெய்முக்குப் போயிருந்தபடியாத் தனிய இருந்தா. விரதம் எண்டால் என்னைவிடக் கடும்பிடி. பூவைக் கொண்டுபோய்க் குடுக்கேக்கை, "உங்களுக்கு ஏகாதசி எப்போக்கா?" எண்டு கேட்டா.

"நாளைக்கு, வெள்ளிக்கிழமை."

"எங்களுக்கு சனிக்கிழமைக்கா."

நான் கோயில் கலண்டரைச் சொன்னன். அவ இன்டர்நெட்டிலை ஒஸ்லோவுக்கெண்டே கணிச்ச பஞ்சாங்கத்தைக் காட்டினா. எங்கடை ஆக்கள் வெள்ளி, அவையள் சனி. "பெருமாள் ஒருத்தர், ஏகாதசி மட்டும் இரண்டோ?" எண்டு சொல்லிச் சிரிச்சம். அப்ப எனக்குப் பாரணை சனி விடிய, அவவுக்கு ஞாயிறு விடிய. இது எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறை ஒருத்தருக்கும் தெரியாது. தயவுசெய்து இதை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ.

சனிக்கிழமை விடிய மனிசன் பஸ் ஓட்டப் போயிட்டார். மகள் பேர்கனிலை படிக்கிறாள், வீட்டிலை நான் மட்டும்தான். பூவைச் சுடுதண்ணியிலை ஊற வைச்சு, நறுக்கி, தேங்காய்ப்பாலிலை வெள்ளைக்கறி வைச்சன். சாமிக்குப் படைக்கிறதை வாயிலை வைச்சு உப்புப் பாக்கிறேல்லை, அதாலை உப்பும் பாக்கேல்லை. படைச்சுக் கும்பிட்டிட்டுச் சோத்தோடை ஒரு பிடி பிடிச்சன். கைச்சுது. அகத்தி கைக்கும்தானே! கைப்பு நல்லது எண்டு இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டன். ஒருநாள் முழுக்கக் காய்ஞ்ச வயிறு வேறை.

அதுக்குப் பிறகுதான் குழப்பம். முதலிலை வாய் காய்ஞ்சுது. தண்ணி குடிச்சன், தொண்டையாலை இறங்கேல்லை. ஜன்னலுக்கு வெளியிலை கிடந்த பனியின்ரை வெளிச்சம் கண்ணுக்குள்ளை ஊசியாக் குத்திச்சுது. கலண்டரிலை எழுத்தெல்லாம் கலங்கித் தெரிஞ்சுது. முகம் அடுப்புக்குக் கிட்ட நிக்கிற மாதிரிக் கொதிக்குது, ஒரு துளி வியர்வை இல்லை. சரி, பட்டினி கிடந்த களை எண்டு படுத்தன். கண்ணை முழிக்க, சுவரிலை ஒட்டியிருக்கிற பேப்பரிலை உள்ள பூவெல்லாம் பூத்துக் கிடக்குது. எழும்பி ஒண்டொண்டாப் பிடுங்கி மடியிலை போட்டன். சத்தியமா அது எனக்கு அப்ப சரியான நியாயமான வேலையாத்தான் தெரிஞ்சுது.

மத்தியானம் மனிசன் வந்து பாக்கேக்கை நான் சுவரோடை நிண்டு காத்தைக் கிள்ளிக்கொண்டு நிண்டனானாம். "இஞ்சேரும், என்ன செய்யிறீர்?" எண்டு கேக்க, "வாசலைச் சாத்துங்கோ, ஆடு உள்ளை வரப்போகுது" எண்டனானாம். அவர் முதலிலை சிரிச்சவராம். பிறகு என்ரை கண்ணைப் பாத்திருக்கிறார். கண்மணி முழுக்கக் கறுப்பு. அம்புலன்ஸுக்கு அடிச்சுப்போட்டு, அழுதுகொண்டு எனக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டவராம். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அந்த மனிசன் அழுது நான் காணேல்லை. கண்ட அண்டைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை, பாருங்கோ என்ரை அதிஷ்டத்தை.

ஆஸ்பத்திரியிலை கட்டிலைச் சுத்தி ஆக்கள். மூளைக்குள்ளை இரத்தம் கசிஞ்சிருக்கோ எண்டு தலையைப் படம் பிடிச்சவை. மூளையைச் சுத்தியிருக்கிற சவ்விலை கிருமியோ எண்டு பாக்க முள்ளந்தண்டுக்குள்ளை ஊசி போட்டு நீர் எடுத்தவை. அது மட்டும் வடிவா ஞாபகம் இருக்கு, இரண்டு பேர் என்னை இறால் மாதிரி வளைச்சுப் பிடிச்சவை. சலம் போகாமல் அடைச்சுப்போய் அடிவயிறு கல்லாக் கிடந்ததாலை குழாய் வைச்சு எடுத்தவை. நெஞ்சிலை ஒட்டின வயரெல்லாத்தையும் அந்த ஆடு கட்டிலுக்குக் கீழை இருந்து சப்பிக்கொண்டே இருந்துது. "ஆட்டைத் துரத்துங்கோ" எண்டு கத்தினன். தெலிபோனிலை மொழிபெயர்க்கிற தம்பியும், பாவம், கடமைக்கு ஆட்டையும் மொழிபெயர்த்தவராம்.

ஆனால் அந்தக் குழப்பத்துக்குள்ளையும் ஒரு விஷயம் அடியிலை கிடந்து என்னை அரிச்சுக்கொண்டே இருந்துது. ரஞ்சனியிட்டை அந்தப் பூ இருக்கு. அவ நாளைக்கு விடியச் சாப்பிடப் போறா. அவ வீட்டிலை தனிய. எனக்கு மனிசன் வந்தவர், அவவுக்கு ஆர் வாறது? இதைச் சொல்லோணும் எண்டு வாயைத் திறப்பன். நாக்கு மரக்கட்டையா அண்ணாக்கிலை ஒட்டிக்கொள்ளும். சொல்லு ஒண்டு வரும், மற்றது எங்கையோ ஓடிப்போம்.

ஒரு நெட்டைப் பொம்பிளை டொக்டர் வந்து, மொழிபெயர்ப்பாளரை வைச்சு, "இண்டைக்கு என்ன நாள்?" எண்டு கேட்டவ. தெளிவோடை இருக்கிறனோ எண்டு பாக்கிறதுக்கு அப்பிடித்தான் கேக்கிறவை. நான் என்ரை முழுப் பலத்தையும் திரட்டிச் சொன்னன்: "எனக்குத் துவாதசி. ரஞ்சனிக்கு ஏகாதசி. அவ நாளைக்குத்தான் சாப்பிடுவா."

அதைவிடச் சரியா ஒரு மனிசி என்னத்தைச் சொல்லுறது? ஆனால் மனிசன் தலையிலை கையை வைச்சார். "ஏகாதசி நேற்று முடிஞ்சுது டொக்டர். நாள் எல்லாத்தையும் குழப்புறா" எண்டார். டொக்டர் தலையாட்டினா. எனக்கு வந்த ஆத்திரம்! ஆட்டைப் பற்றிச் சொல்லேக்கை என்ன மாதிரித் தலையாட்டினவையோ, அதே மாதிரித்தான் இதுக்கும் ஆட்டினவை.

அதுக்குப் பிறகு, முந்தி மனநோய் ஏதும் இருந்ததோ, நாட்டிலை சண்டைக்குள்ளை ஏதும் பட்டவவோ எண்டெல்லாம் மனிசனிட்டை விசாரிச்சவையாம். எங்கடை ஆக்களிலை சண்டைக்குள்ளை ஒண்டும் படாத ஆள் ஆர்? அந்த மனிசனும் "ஓம்" எண்டிட்டுது. மனநோய்ப் பிரிவு டொக்டரையும் வரச் சொல்லியிருக்கினம். விசர் எண்ட கதை அதிலையிருந்துதான் பரவினது எண்டு நினைக்கிறன்.

காப்பாத்தினது அந்த நெட்டை டொக்டர்தான். பின்னேரம் திரும்ப வந்து, என்ரை கக்கத்துக்குள்ளை கையை வைச்சுப் பாத்தவவாம். காய்ச்சல் காயுது, கக்கம் காய்ஞ்சு கிடக்குது. "இது மனசு செய்யிற வேலை இல்லை. ஏதோ செடியின்ரை நஞ்சு" எண்டா. அவ பிறகு எனக்கு விளங்கப்படுத்தினதைச் சொல்லுறன். எங்கடை உடம்பிலை சில நரம்புகள் இருக்காம். வாயிலை எச்சில் ஊறு, கண்மணியே சுருங்கு, வியர்வையே வா, சலமே போ எண்டு கட்டளை குடுக்கிறது அதுகள்தான். சில செடியின்ரை நஞ்சு அந்தக் கட்டளையைப் போக விடாமல் மறிச்சுப்போடும். மூளைக்குள்ளையும் அதே மறியல், அதாலைதான் சன்னி கண்ட மாதிரிக் கதைக்கிறது. கூடினால் இதயமும் தாங்காதாம்.

"என்ன சாப்பிட்டவ?" எண்டு கேட்டிருக்கிறா. "அகத்தி. நாங்கள் காலங்காலமாச் சாப்பிடுறது" எண்டார் இவர். டொக்டர் தேடிப் பாத்திட்டு, அகத்தி இப்பிடிச் செய்யாது, சமைக்காத மிச்சம் இருந்தால் கொண்டு வாங்கோ எண்டா. வீட்டிலை சட்டிக்குள்ளை குழைஞ்ச கறிதான் கிடந்துது. அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிடேக்கை, அயலுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு ரஞ்சனியின்ரை கதவைத் தட்டியிருக்கிறார்.

"அண்ணா, உள்ள வாங்க. காப்பி போட்டுத் தரேன். நான் இன்னிக்கு எதுவும் சாப்பிடல, ஏகாதசி."

மனிசன் உள்ளை போகேல்லையாம். நான் சொன்னது எல்லாம் அப்பதான் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வந்து விளங்கியிருக்கு. "பிள்ளை, தவமணி உங்களுக்குப் பூ ஏதும் தந்தவவோ?" எண்டு கேட்டிருக்கிறார். ரஞ்சனி முழிச்சவவாம். பிறகு, அந்தப் பை கைவசம் இல்லை, கீழை குப்பை அறையிலை கிடக்கும் எண்டவவாம். ஏன் அங்கை போச்சுது எண்டு கேக்க இவருக்கு நேரம் இல்லை.

எங்கடை புளொக்கிலை ஒவ்வொரு மாடியிலும் குப்பை போடுற ஓட்டை இருக்கு, போட்டால் அடிநிலத்திலை ஒரு பெரிய தொட்டிக்குள்ளை போய் விழும். முழுப் புளொக்கின்ரை குப்பையும் அதுக்குள்ளைதான். மீன்முள்ளு, பிள்ளையளின்ரை நப்பி, எல்லாம். வெறும் வயித்தோடை அந்தப் பிள்ளை சுவெட்டர் கையை மடிச்சுவிட்டிட்டு, இவர் தடுக்கத் தடுக்க ஒவ்வொரு பையாக் கிழிச்சவவாம். கண்டுபிடிச்சவவும் அவதான்.

அடுத்தநாள் விடியப் பல்கலைக்கழகத்திலை செடிகளைப் பற்றிப் படிப்பிக்கிற ஒருத்தரை டொக்டர் கூப்பிட்டவ. அவர் ஒரு பூவை இளஞ்சூட்டுத் தண்ணியிலை போட்டு வைக்க, சுருங்கினது மெல்ல மெல்ல விரிஞ்சுது. பிறகு சின்னக் கத்தரியாலை நீட்டுக்கு வெட்டித் திறந்து காட்டினாராம். அகத்தியிலை இதழெல்லாம் தனித்தனி, உள்ளுக்குப் பத்து மகரந்தக் கம்பி. சீனக்கடைக்காரர் விக்க நினைச்சது ஏதோ கொடியிலை பூக்கிற எக்காளப்பூ, பொம்பிளையளின்ரை மாதவிலக்குக் கோளாறுக்கு அவையள் அவிச்சுக் குடிக்கிறது. அது கட்டை, வாய் அகலம், கம்பி நாலு, அதிலை இரண்டு நீளம், இரண்டு கட்டை. இந்தப் பூவோ ஒரே நீளக் குழல், விளிம்பிலை வால் மாதிரிக் கூர், கம்பி அஞ்சு. சீன மருத்துவத்திலை இதுக்கும் ஒரு வேலை இருக்காம், ஆனால் தெரிஞ்ச வைத்தியர் மட்டும் மட்டா அளந்து குடுக்கிறது. மூண்டும் காய்ஞ்சு சுருண்டால் கைதேர்ந்த ஆக்களே பிழை விடுவினமாம்.

அவர் சொல்லி முடிக்க முதலே மனிசன் கத்திப்போட்டாராம். "ஐயோ, இது ஊமத்தை!"

ஊமத்தம்பூ! சிவனுக்குச் சாத்துற பூ, பச்சையாக் கண்டால் ஊரிலை சின்னப்பிள்ளையும் தொடாது. அதை ஒஸ்லோவிலை காசு குடுத்து வாங்கித் தேங்காய்ப்பால் விட்டுச் சமைச்சுச் சாப்பிட்ட மனிசி நான். பூ வாங்கின கடையை ரஞ்சனிக்குச் சொல்லியிருந்தனான். அந்தக் கடைக்காரருக்கு டொக்டர் அறிவிக்க, அவர் பதறிப்போய் முழுப் பெட்டியையும் கொண்டுவந்து குடுத்தவராம். வெளியிலை ஒட்டியிருந்த பேரை நம்பினவர் அவர். வடிவை நம்பினவள் நான். அவரிலை எனக்குக் கோபம் இல்லை, சாப்பாடு இல்லை எண்டு சொன்னவர்தானே.

இவ்வளவும் நடக்கேக்கை எனக்கு ஒண்டும் தெரியாது. சேலைன் ஏறுது, கைகால் உதறாமல் இருக்க ஊசி போட்டிருக்கினம், நான் ரஞ்சனியைத் தேடிக்கொண்டு கிடக்கிறன். மனிசன் வந்து காதுக்குள்ளை, "அவ சாப்பிடேல்லை, பயப்பிடாதையும்" எண்டு சொன்னது ஞாபகம். ஆனால் அதுக்குக் கொஞ்சம் முன்னாலை செத்துப்போன என்ரை ஐயா வந்து அதே கதிரையிலை இருந்து தேத்தண்ணி கேட்டவர். பிறகு நான் எப்பிடி இவரை நம்புறது? நல்ல செய்தியைச் சொல்ல மூளையே இப்பிடி ஒரு ஆளைச் செய்து அனுப்பியிருக்கு எண்டு நினைச்சன். ரஞ்சனி குசினி நிலத்திலை விழுந்து கிடக்கிறதை நான் கண்ணாலை கண்டன். என்ரை கையாலை கொண்டுபோய்க் குடுத்த பூ. ஐயோ, அந்தப் பயத்தை ஒருத்தருக்கும் குடுக்காதை கடவுளே.

ஞாயிற்றுக்கிழமை கண் முழிக்கேக்கை ஆட்டைக் காணேல்லை. பக்கத்துக் கதிரையிலை ரஞ்சனி இருந்தா. நான் அவவோடை கதைக்கேல்லை. மருந்து மாத்த வந்த நேர்ஸைக் கூப்பிட்டு, மெல்லமா, "அந்தக் கதிரையிலை ஆராவது இருக்கினமோ?" எண்டு கேட்டன்.

"ஓம், இருக்கிறா. நீலச் சுவெட்டர்" எண்டா நேர்ஸ்.

"அக்கா, நான்தான். நிஜமாவே வந்திருக்கேன்" எண்டு ரஞ்சனி கையைப் பிடிச்சா. கை சூடா இருந்துது. விரலிலை பிளாஸ்டர் ஒட்டியிருந்துது, குப்பைக்குள்ளை தகர மூடி வெட்டினதாம்.

"பூ?" எண்டன்.

அவ என்ரை போர்வையின்ரை மடிப்பை நீவினா. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க குடுத்து அந்தாண்ட போனதுமே குப்பைல போட்டுட்டேன். பாரணைக்கு வெளில இருந்து வந்ததை நாங்க சேர்த்துக்கறதில்ல. எங்க வீட்டு வழக்கம். மூஞ்சிக்கு நேரா சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு வாங்கிண்டேன்."

எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சுது. "என்ன? நான் உமக்காக இஞ்சை உயிரை விட்டுக்கொண்டு கிடக்கிறன். நீர் நான் படி இறங்க முதலே எறிஞ்சிட்டீரோ?"

"ஆமாக்கா."

"உம்மடை வழக்கமும் நீரும்!"

"சாரிக்கா."

சிரிப்பு வந்துது. அழுகையும் வந்துது. அவமானமாவும் இருந்துது, அந்த அவமானத்துக்கு ஒரு கோயில் கட்டிக் கும்பிடலாம் போலவும் இருந்துது. எதை முதலிலை செய்யிறது எண்டு தெரியாமல், "பாரணை முடிச்சீரோ?" எண்டு கேட்டன்.

"இன்னும் இல்லக்கா. எழுந்ததும் நேரா இங்க வந்துட்டேன். நேரம் ஆயிடும் போலிருக்கு."

என்ரை சாப்பாட்டுத் தட்டு தொடாமல் மேசையிலை இருந்துது. பாண் துண்டு, மண்ணிறச் சீஸ், யோகர்ட், ஒரு வாழைப்பழம். அவ பாணைப் பாத்தா, சீஸைப் பாத்தா, பிறகு வாழைப்பழத்தைப் பாத்தா. எனக்கு விளங்கீட்டுது. பழத்துக்குத் தோல் இருக்கு, அதாலை வழக்கத்துக்குப் பழுதில்லை. நான் தட்டை அவவின்ரை பக்கம் தள்ளிவிட்டன். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்திட்டு, தோலை உரிச்சு ஒரு கடி கடிச்சா.

நான் அவவின்ரை வாயையே பாத்துக்கொண்டு கிடந்தன். மெண்டா, விழுங்கினா. திரும்பக் கடிச்சா. எனக்குக் கண்ணாலை தண்ணி ஓடத் தொடங்கீட்டுது. ஓ எண்டு குழறி அழுதன். நேர்ஸ் ஓடிவந்து, "எங்கை நோகுது? எங்கை நோகுது?" எண்டு கேட்டா.

"நோகேல்லை" எண்டு அவவின்ரை மொழியிலை சொன்னன். "பாருங்கோ, அவ சாப்பிடுறா. அவ சாப்பிடுறா!"

நேர்ஸ் ரஞ்சனியைப் பாத்தா, பழத்தைப் பாத்தா, என்ரை தலையை மெல்லமாத் தடவினா. பிறகு, இவவுக்கு இன்னும் தெளியேல்லை எண்டு டொக்டரைக் கூப்பிடப் போனா.